அத்தியாயம் 4: பாயின்ட் ஒன் செவன் செவனா, பாயின்ட் டூ டூவா?

ஏர் ரைபிள் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் விலையைக் கேட்பார். அடுத்து, பாயின்ட் ஒன் செவன் செவன் வாங்குவதா, பாயின்ட் டூ டூ வாங்குவதா என்பார். இந்த இரண்டாவது கேள்விக்கு ஊருக்கு ஊர் விடை மாறும். இங்கிலாந்தில் முயல் வேட்டைக்குப் போகிறவர் ஒன்றைச் சொல்வார், அமெரிக்காவில் பண்ணை வைத்திருப்பவர் வேறொன்றைச் சொல்வார். கருங்குழி, மதுராந்தகம், படாளம் பக்கத்திலிருந்து கேட்கிறவருக்கு விடை ஒன்றுதான்: பாயின்ட் ஒன் செவன் செவன், அதாவது 4.5 மில்லிமீட்டர்.

தமிழ்நாட்டில் சுடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கையில் இருப்பதும் அதுவே. அவர்கள் எல்லோரும் ஒப்பிட்டுப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். போட்டி விதியும் சட்டமும் தேர்வை முன்பே முடித்து வைத்துவிட்டன. வேடந்தாங்கலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மூன்றாவதாக இன்னொரு காரணமும் உண்டு. இவற்றைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் பணமும் மிஞ்சும், வம்பும் வராது.

அளவுகள் நான்கு

கேலிபர் என்பது குழலின் உள்விட்டம். அங்குலத்தில் சொல்வது பழைய வழக்கம். இன்று கடைகளில் வழங்கும் அளவுகள் இவை:

• .177, அதாவது 4.5 மி.மீ.: பெல்லட்டின் (ஈயக் குண்டின்) எடை பெரும்பாலும் 7 முதல் 10 கிரெய்ன். கிராமில் ஏறத்தாழ 0.45 முதல் 0.65. உலகில் மிக அதிகமாகப் புழங்கும் அளவு இதுதான்.

• .20, அதாவது 5 மி.மீ.: அமெரிக்காவின் ஷெரிடன் நிறுவனம் 1940களில் புகழ்பெறச் செய்த அளவு. .177க்கும் .22க்கும் நடுவில் நின்று இரண்டின் நன்மையையும் தரும் என்றார்கள். இன்று இதற்குப் பெல்லட் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

• .22, அதாவது 5.5 மி.மீ.: 14 முதல் 18 கிரெய்ன் எடையுள்ள பெல்லட்கள் பரவலாகக் கிடைக்கும். வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில் முதலிடத்துக்கு 4.5உடன் போட்டி போடுவது இதுதான்.

• .25, அதாவது 6.35 மி.மீ.: 25 கிரெய்னும் அதற்கு மேலும் எடையுள்ள பெல்லட். இதைத் தள்ள ஸ்பிரிங் துப்பாக்கி திணறும். காற்றை முன்பே உயர் அழுத்தத்தில் அடைத்து வைக்கும் பிசிபி வகைத் துப்பாக்கிகள் பரவிய பிறகு மேலைநாடுகளில் இதற்கு மறுவாழ்வு வந்தது.

இவற்றைவிடப் பெரிய துளையுள்ள காற்றுத் துப்பாக்கிகளும் உண்டு. 1780களில் ஆஸ்திரியப் படை போருக்கு எடுத்துப்போன ஜிரான்டோனி ரைபிளின் குண்டு ஏறத்தாழ 11.5 மி.மீ. விட்டம் கொண்டது. இன்றைய அமெரிக்க வேட்டைக்காரர்கள் சிலரும் அந்த வழியில் போகிறார்கள். நமக்கு அது வேண்டாத கதை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கல்லூரி நாட்களில் என்சிசி முகாமில் ‘டூ டூ ரைபிள்’ சுட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அது வெடிமருந்து அடைத்த தோட்டாவைச் சுடும் துப்பாக்கி. குழல் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் பெயரும் ஒன்றாகிவிட்டது. ஏர் ரைபிளில் .22 என்பது வேறு. ஒன்றின் தோட்டா மற்றொன்றில் ஏறாது.

சுடுதளத்தில் ஏன் எல்லாமே 4.5?

சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் 10 மீட்டர் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் இரண்டுக்கும் ஒரே கேலிபரைத்தான் அனுமதிக்கிறது: 4.5 மி.மீ. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஏர் ரைபிள் முதன்முதலாக இடம்பெற்றது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வென்றதும் இந்த அளவில்தான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் சுட்டதும் இதே அளவு. 2024 பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் பெற்ற ஏர் பிஸ்டலும் 4.5தான்.

எல்லோருக்கும் ஒரே அளவு என்று ஏன் வைத்தார்கள் என்பது இலக்கு அட்டையைப் பார்த்தால் விளங்கும். 10 மீட்டர் ஏர் ரைபிள் அட்டையின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். ஒன்பதாவது வளையம் 5.5 மி.மீ. முழு அட்டையின் வளையங்களும் 45.5 மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். பெல்லட் போட்ட துளையின் விளிம்பு எந்த வளையத்தைத் தொடுகிறதோ அந்த வளையத்தின் புள்ளி கிடைக்கும். ஆகவே 4.5 மி.மீ. பெல்லட்டின் மையம் நடுப்புள்ளியிலிருந்து 2.5 மி.மீ. விலகியிருந்தாலும் பத்து உண்டு. அதே அட்டையில் 5.5 மி.மீ. பெல்லட்டால் சுட்டால் 3 மி.மீ. விலகல் வரை பத்து கிடைத்துவிடும். பெரிய குழல் வைத்திருப்பவருக்குக் கை நடுங்கினாலும் புள்ளி தப்பாது. அந்த வாய்ப்பை மூடத்தான் விதி.

உங்கள் பிள்ளை பள்ளிப் போட்டியிலோ மாவட்ட, மாநிலப் போட்டியிலோ சுட வேண்டும் என்ற எண்ணம் துளியளவு இருந்தாலும் கேலிபர் கேள்வி இத்துடன் முடிந்தது. வேறு அளவில் பழகியவர் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் ஏர் ரைபிள் வரிசையில் நிற்க முடியாது.

உரிமம் எங்கே தொடங்குகிறது?

போட்டி வேண்டாம், வீட்டு மாடியில் பொழுதுபோக்காகச் சுட்டால் போதும் என்பவருக்கும் விடை மாறாது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இரண்டு எல்லைகளைப் போட்டிருக்கின்றன. துளை 4.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. குழல் வாயில் பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 15 அடி-பவுண்டுக்கு மேல், போகக் கூடாது. இரண்டுக்கும் உட்பட்ட ஏர் ரைபிளை வைத்திருக்க ஆயுத உரிமம் தேவையில்லை. இரண்டில் எது ஒன்று மீறினாலும் உரிமம் வேண்டும்.

‘எது ஒன்று’ என்பதைக் கவனியுங்கள். 5.5 மி.மீ. குழல் வெறும் 10 ஜூல் ஆற்றலில் சுட்டாலும் அது உரிமத்துக்கு உட்பட்டதே. ‘பவர் கம்மிதான் சார், லைசென்ஸ் எல்லாம் வேண்டாம்’ என்று சொல்லி டூ டூவை நீட்டும் கடைக்காரர் பேச்சை நம்பி வாங்கினால், கணக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். உரிமம் வேண்டுமானால் விண்ணப்பம் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். காவல்துறை விசாரணை நடக்கும். பொழுதுபோக்குக்காக அந்தப் படிகளை ஏறுகிறவர்கள் அரிது. நம் ஊரில் 5.5 குறைவாக இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

ஆற்றலை நீங்களே கணக்கிடலாம். பெல்லட்டின் எடையைக் கிராமில் எழுதுங்கள். வினாடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தை அதே எண்ணால் ஒருமுறை பெருக்கி, எடையோடு பெருக்கி, 2000ஆல் வகுத்தால் ஜூல் வரும். 0.53 கிராம் பெல்லட் வினாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போனால் 8.1 ஜூல். போட்டித் துப்பாக்கிகள் இந்த அளவில்தான் இருக்கின்றன. ஒலிம்பிக் பதக்கத்துக்கே 8 ஜூல் போதும் என்னும்போது 20 ஜூல் வரம்பு யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

உரிமம் தேவையில்லை என்றால் கேள்வியே இல்லை என்று பொருளல்ல. பதிவுபெற்ற கடையில் வாங்குங்கள். அடையாளச் சான்று கொடுத்து, ரசீதில் கேலிபரையும் துப்பாக்கியின் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். துப்பாக்கியை வெளியே எடுத்துப்போகும்போது உறையில் போட்டு, பெல்லட் ஏற்றாமல், ரசீதின் நகலோடு எடுத்துப் போங்கள். தாத்தா காலத்து 5.5 துப்பாக்கி பரணில் கிடந்தால், துடைத்துச் சுட்டுப் பார்க்கும் முன் அதை என்ன செய்வது என்று காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

வெளிநாடுகளில் 5.5க்கு ஏன் மவுசு?

இணையத்தில் வெளிநாட்டுக் காணொளி பார்த்துவிட்டு டூ டூதான் வேண்டும் என்று வருகிறவர்கள் உண்டு. அந்த நாட்டுக்காரர்களின் தேவை வேறு.

இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 16 ஜூல் வரை, ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். அங்கே கேலிபருக்குத் தடை இல்லை, ஆற்றலுக்கு மட்டுமே வரம்பு. அந்த ஆற்றலுக்குள் 8.4 கிரெய்ன் எடையுள்ள 4.5 பெல்லட் வினாடிக்கு ஏறத்தாழ 244 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 16 கிரெய்ன் எடையுள்ள 5.5 பெல்லட் 177 மீட்டரில் கிளம்பும். 30 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் முதலாவது குழலின் நேர்க்கோட்டிலிருந்து ஏறத்தாழ 9 செ.மீ. இறங்கும், இரண்டாவது 16 செ.மீ. இறங்கும். தூரத்தைச் சற்றுத் தவறாகக் கணித்தாலும் 4.5 மன்னிக்கும், 5.5 மன்னிக்காது. வெவ்வேறு தூரங்களில் உலோக இலக்குகளை வீழ்த்தும் ஃபீல்ட் டார்கெட் போட்டியில் பெரும்பாலோர் 4.5 எடுப்பது இதனால்தான்.

வேட்டைக்காரர் கணக்கு வேறு. ஆற்றல் ஒன்றாக இருந்தாலும் 5.5இன் முகப்புப் பரப்பு ஒன்றரை மடங்கு. பிராணியை ஊடுருவி மறுபக்கம் போகாமல் உள்ளேயே ஆற்றலை இறக்கிவிடும். முயல் துடிக்காமல் விழ வேண்டும் என்பவர் அதனால் 5.5ஐ நாடுகிறார். ஜெர்மனியில் உரிமமில்லாத எல்லை 7.5 ஜூல் மட்டும் என்பதால் அங்கே 4.5க்கே முதலிடம். அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டம் ஏர் ரைபிளுக்கு ஆற்றல் வரம்பு வைக்கவில்லை. ஆகவே அங்கே 5.5உம் 6.35உம் பெருகின.

ஆக, 5.5இன் புகழுக்கு அடிப்படை வேட்டை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. அது போனதும் 5.5க்கு நம்மிடம் வேலை இல்லை.

வேடந்தாங்கல் பக்கத்து ஊர்க்காரர் கவனத்துக்கு

வயலில் மயில் மேய்கிறது, மாந்தோப்பில் குரங்கு புகுகிறது, ஒரு ஏர்கன் இருந்தால் மிரட்டலாமே என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. எந்தக் கேலிபரும் அதற்கு ஆகாது. மயில் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள பறவை, 4.5 பெல்லட் பட்டாலும் குற்றம் குற்றமே. தெருநாயைச் சுட்டால் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வரும்.

நம் ஊருக்கு இன்னும் இரண்டு விஷயங்கள் கூடுதல். முதலாவது, வேடந்தாங்கலும் கரிக்கிளியும் சரணாலயங்கள். 2022இல் இரண்டும் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தன. வனவுயிரினச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி சரணாலயத்துக்குள் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. அந்தச் சட்டம் ஆயுதம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் உண்டிவில்லே தப்பாது, ஏனென்றால் பிராணியைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் அதில் அடங்கும். வேடந்தாங்கல் சரணாலயத்தின் எல்லை ஏரிக்கரையோடு முடிவதில்லை. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை உள்ள பகுதியும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே நண்பர் வீட்டுக்கு எடுத்துப்போகும் வழி எந்த எல்லைக்குள் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிதாக ஆயுத உரிமம் தருவதானால் தலைமை வனவுயிரினக் காப்பாளரின் இசைவை முன்கூட்டியே பெற வேண்டும் என்கிறது அது. கருங்குழி அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. ஆகவே இங்கிருந்து 5.5க்கு உரிமம் கேட்கிறவரின் விண்ணப்பம் ஆட்சியர் அலுவலகத்தோடு நிற்காது, வனத்துறைக்கும் போகும். உரிம விலக்கோடு ஆயுதம் வைத்திருப்பவர்களின் பெயர்ப் பதிவு பற்றியும் இதே பிரிவு பேசுகிறது. 4.5 வாங்கினாலும் வேடந்தாங்கல் வனச்சரக அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து, உங்கள் துப்பாக்கிக்குப் பதிவு தேவையா என்று எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கண்டிப்பு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1790களில் ஆங்கிலச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது ஊரார் திரண்டு கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தவர் லயனல் பிளேஸ், மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வரும் அதே துரை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது.

4.5 என்று முடிவான பிறகு

இனி யோசிக்க வேண்டியவை இரண்டு: துப்பாக்கியின் வகை, பெல்லட்.

வகையில், குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கும் ரைபிள்தான் மலிவு. டயானா 35 பாணியில் வந்த உள்நாட்டுத் துப்பாக்கிகளைத் திருவிழாக்களில் பலூன் சுடும் கடையில் எல்லோரும் பார்த்திருப்போம். அந்தக் கடையில் குறி தவறியதை வைத்து உங்கள் கையை எடைபோட வேண்டாம், தேய்ந்த குழலும் வளைந்த சைட்டும் யாரையும் ஏமாற்றும். வீட்டுப் பயிற்சிக்கு இந்திய நிறுவனங்களின் புதிய ஸ்பிரிங் ரைபிள் போதும். பிரிசிஹோல் போன்றவர்கள் பிசிபி வகையையும் செய்கிறார்கள். போட்டிக்கு வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ், ஸ்டெயர் போன்ற இறக்குமதித் துப்பாக்கிகள்தாம். அவற்றின் விலை லட்சங்களில். அதை முதல் ஆண்டில் வாங்கவே கூடாது. தமிழ்நாடு துப்பாக்கிச் சுடுதல் சங்கத்தோடு இணைந்த ரைபிள் கிளப் ஒன்றில் சேர்ந்து, கிளப் துப்பாக்கியில் ஆறு மாதம் சுட்டுப் பாருங்கள். எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது. நடிகர் அஜித் குமார் 2021இல் மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கிய பிறகு ரைபிள் கிளப் என்ற சொல் பலருக்குப் பழக்கமானது. அவர் வென்றது பிஸ்டல் பிரிவுகளில். ரைபிளா பிஸ்டலா என்று முடிவு செய்வதற்கும் கிளப்தான் சரியான இடம்.

4.5இன் இன்னொரு பலம் பெல்லட்டில் இருக்கிறது. மற்ற எந்த அளவிலும் இத்தனை வகை இத்தனை மலிவாகக் கிடைக்காது. வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்:

• அட்டை இலக்குக்குத் தட்டைத் தலை பெல்லட். துளை வட்டமாக வெட்டுப்படும், புள்ளி பார்க்கத் தகராறு இராது. 10 மீட்டரைத் தாண்டிச் சுட உருண்டைத் தலை. கூர்த்தலை பார்க்க மிரட்டலாக இருக்கும், குறியில் பின்தங்கும்.

• டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு போட்டிருப்பார்கள். ஒரே கேலிபருக்குள் இருக்கும் இந்த நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூடக் குறியை மாற்றும். இரண்டு மூன்று வகையைச் சிறு டப்பாவாக வாங்கி, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து வகைக்குப் பத்துக் குண்டு சுடுங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அது உங்கள் குழலுக்கு உரியது.

• எஃகு பிபி உருண்டைகளைப் புரியிட்ட குழலில் போடவே கூடாது. புரி கெடும், குண்டு திரும்பித் தெறிக்கும்.

• பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னக் கூடாது. பிள்ளைகள் பெல்லட்டை வாயில் வைக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள்.

வீட்டில் 10 மீட்டர்

நம் ஊர் வீடுகளில் கூடமும் நடையும் சேர்த்தால் 10 மீட்டர் தேறும். இலக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும், போட்டித் தளத்தில் உள்ள உயரம் அதுதான். அட்டைக்குப் பின்னால் பெல்லட் பிடிக்கும் இரும்புப் பெட்டி, அதற்கும் பின்னால் செங்கல் சுவர். இரண்டும் வேண்டும். இலக்குக்கும் உங்களுக்கும் நடுவில் கதவு எதுவும் திறக்கக் கூடாது. மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவருக்கு மேலே இலக்கு வைக்கக் கூடாது. 4.5 பெல்லட் 8 ஜூலில்கூடக் கண்ணைப் பறித்துவிடும், ஆகவே சுடுகிறவரும் பார்க்கிறவரும் கண்ணாடி போட வேண்டும்.

வாங்கும் முன் ஒரு முறை

1. குழலில் .177 அல்லது 4.5 என்று பொறித்திருக்கிறதா?
2. தயாரிப்பாளர் குறிப்பில் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருக்கிறதா?
3. ரசீதில் கேலிபரும் வரிசை எண்ணும் இருக்கின்றனவா?
4. வனச்சரக அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தாயிற்றா?
5. தாளிட்டுப் பூட்ட அலமாரி இருக்கிறதா? பெல்லட்டுக்கு வேறு இடம் இருக்கிறதா?

ஐந்துக்கும் ‘ஆம்’ என்றால் வாங்கலாம். கையில் மிச்சப் பணம் இருந்தால் அதைப் பெரிய கேலிபரில் போடாமல் பெல்லட்டிலும் கிளப் கட்டணத்திலும் போடுங்கள். புள்ளியை ஏற்றுவது அவை இரண்டும்தான்.